சாவி தொலைந்த பழைய கணினிப் பெட்டி: உடைக்கும் முன் பூட்டைப் பாருங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. கடைக் கதவைத் தூக்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பழைய காஞ்சில் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. பின் இருக்கையில், கைலித் துணியில் சுற்றிய டவர் கணினி ஒன்று படுத்திருந்தது. எழுபது வயதைத் தொட்ட ஓர் அம்மாவும் அவருடைய இளைய மகனும் இறங்கினார்கள்.

"தம்பி, இதத் தெறக்கணும். சாவி இல்ல. பெட்டி ஒடஞ்சாலும் பரவால்ல. உள்ள இருக்கிறது மட்டும் போயிடக்கூடாது" என்றார் அந்த அம்மா.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவருடைய கணவர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். தோட்ட ஆபீசில் கணினிகளை மாற்றியபோது பழையதில் ஒன்றை விலைக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு தோட்டத்துக் கோயிலுக்குச் செயலாளர். திருவிழா வரவு செலவு, லயத்து வீடுகளில் யார் யார் குடியிருந்தார்கள் என்ற பட்டியல், நிர்வாகத்துக்கு எழுதிய கடிதங்கள் என்று எல்லாவற்றையும் இந்தப் பெட்டியில்தான் தட்டெழுதி வைத்தாராம். அச்செடுத்த தாள்களைக் கரையான் தின்றுவிட்டது. ஐயாவும் மூன்று வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார். இப்போது தோட்ட நிலம் கைமாறப் போகிறது. கோயிலுக்கு மாற்று நிலம் கேட்டு மனுப் போட வேண்டும். கோயில் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறது, எத்தனை குடும்பங்கள் கும்பிட்டு வந்தன என்று காட்ட, குழுவின் கையில் ஒரு தாள்கூட இல்லை.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு மூலை வளைந்திருந்தது. மகன் தலையைச் சொறிந்தார். "ஸ்குரூடிரைவர வச்சு நெம்பிப் பாத்தேன், அண்ணே. வரல."

இப்படி மூலை வளைந்த பெட்டிகள் வருடத்துக்குச் சில என் கடைக்கு வருகின்றன. இறந்துபோன அப்பாவின் கணினி, மூடிப்போன சங்கத்தின் கணினி, தமிழ்ப்பள்ளி ஸ்டோரில் கிடந்த கணினி. சாவி மட்டும் இருப்பதில்லை. எல்லாரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். பூட்டைப் பார்த்ததும் பூட்டோடு சண்டைக்குப் போகிறார்கள். அந்தப் பூட்டு உண்மையில் எதைப் பூட்டியிருக்கிறது என்று பார்ப்பதில்லை.

முன்னால் இருக்கும் சாவித்துளை

1984இல் ஐ.பி.எம். நிறுவனம் பி.சி. ஏ.டி. என்ற கணினியை வெளியிட்டது. அதன் முகப்பில் வட்டமான சாவித்துளை ஒன்று இருந்தது. சாவியைத் திருப்பினால் பெட்டியின் மூடி கழலாது, கீபோர்டும் வேலை செய்யாது. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் போகிறவர் பூட்டிவிட்டுப் போகலாம். அதைப் பார்த்துப் பிறகு வந்த மலிவுக் கணினிகளும் முகப்பில் ஒரு சாவித்துளையை வைத்தன. தொண்ணூறுகளின் நடுப்பகுதிவரை நம் ஊர்க் கடைகளில் விற்ற பெட்டிகள் பலவற்றில் டர்போ பொத்தான், சிவப்பு எண் விளக்கு, பக்கத்தில் ஒரு சாவித்துளை என்று மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

ஆனால், அந்த மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் அந்தச் சாவிக்கும் மூடிக்கும் சம்பந்தமே கிடையாது. பூட்டின் பின்னாலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் மதர்போர்டுக்குப் போகும், அவ்வளவுதான். சாவியைத் திருப்பினால் அந்த இரண்டு கம்பிகளும் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும், கீபோர்டு செத்துவிடும். அது ஒரு சுவிட்ச். மூடியைப் பிடித்திருப்பது பின்பக்கத்துத் திருகாணிகள். வருடக்கணக்காகச் சாவியைத் தேடிய ஒரு குடும்பத்தின் பெட்டியை நான் இரண்டு நிமிடத்தில் திறந்திருக்கிறேன். கூலி வாங்கவே கூச்சமாக இருந்தது.

ஆகவே முதலில் பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். அதற்கும் முன்னால் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. அந்தக் காலத்துப் பெட்டிகளில் 240 வோல்ட் மின்சாரம் பின்னாலிருந்து ஒரு தடித்த கம்பி வழியாக முகப்பு சுவிட்ச் வரைக்கும் உள்ளே ஓடி வரும். இப்போதைய கணினியில் அப்படி இல்லை. இதைத் தெரியாமல் உள்ளே கைவிட்டால் ஆபத்து.

பின்பக்கத்தின் வெளி ஓரத்தைச் சுற்றி ஐந்து, ஆறு திருகாணிகள் இருக்கும். அவற்றைக் கழற்றுங்கள். மின்விசிறிக் கூட்டைச் சுற்றி உள்ள நான்கையும் தொடாதீர்கள். அவை பவர் சப்ளையைப் பிடித்திருப்பவை. அவற்றைக் கழற்றினால் அது உள்ளே மதர்போர்டின் மேல் விழும். ஓரத் திருகாணிகள் வந்த பிறகு மூடியைப் பக்கவாட்டில் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பின்னால் இழுக்க வேண்டும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்ந்தால் மேலே தூக்கிவிடலாம். மேல் பக்கமும் இரண்டு விலாவும் சேர்ந்து கவிழ்த்த தொட்டி மாதிரி ஒரே தகடாக வரும். சில மாடல்களில் மூடி முன்பக்கமாக நகரும். அசல் ஐ.பி.எம். அப்படித்தான். பல வருடம் திறக்காத பெட்டியில் பெயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டினால் விட்டுவிடும். நெம்ப வேண்டாம்.

1995க்குப் பிறகு வந்த ஏ.டி.எக்ஸ். வகைப் பெட்டிகளில் வேலை இன்னும் சுலபம். முகப்பைப் பார்த்து நின்றால் பெரும்பாலும் இடது பக்கத்துத் தகடு மட்டும் தனியாக வரும். பின்னால் இரண்டே திருகாணி.

மூடி திறந்த பிறகும் கீபோர்டு பூட்டியிருக்கிறது என்று திரையில் வந்தால் பயப்பட வேண்டாம். பூட்டிலிருந்து வரும் அந்த இரண்டு கம்பியின் முனையை மதர்போர்டிலிருந்து பிடுங்கிவிட்டால் போதும். கம்பி பிரிந்ததும் கணினி 'பூட்டு திறந்தது' என்றே எடுத்துக்கொள்ளும்.

திருகாணி எல்லாம் கழன்றும் மூடி அசையவில்லையா? ஒரு பக்கம் மட்டும் நகர்ந்து இன்னொரு பக்கம் எதிலோ மாட்டி நிற்கிறதா? அப்போதுதான் உண்மையான பூட்டு இருக்கிறது என்று அர்த்தம்.

வேறு பூட்டுகள்

பின்னால் ஒரு இரும்பு வளையம் நீட்டிக்கொண்டிருந்து அதில் சாதாரணப் பூட்டு தொங்கினால், அது கணினிக் கடைக்கு வர வேண்டிய வேலையே இல்லை. அலுவலகங்களிலிருந்து பள்ளிக்கும் சங்கத்துக்கும் வந்து சேர்ந்த டெல், எச்.பி. கணினிகளில் இதைப் பார்க்கலாம். ஹார்ட்வேர் கடையில் ஒரு போல்ட் கட்டரை இரவல் வாங்கிப் பூட்டின் கொண்டியை நறுக்கிவிடுங்கள். இரும்பு ரம்பம் வேண்டாம். அறுக்கும்போது உதிரும் இரும்புத் தூள் காற்றுத் துளைகள் வழியாக உள்ளே போய் மதர்போர்டில் உட்கார்ந்துகொள்ளும். வேறு வழியில்லை என்றால் துளைகளை டேப் ஒட்டி மறைத்துவிட்டு அறுங்கள். திறந்த பிறகு, அடுத்த முறை கணினியைப் போடும்போது மூடி திறக்கப்பட்டிருக்கிறது என்று சிலவற்றில் எச்சரிக்கை வரும். உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் அதைக் கவனித்துச் சொல்கிறது. அதனால் ஒன்றும் கெடாது.

பழைய காம்பேக், எச்.பி. அலுவலகக் கணினிகள் சிலவற்றில் சாவித்துளையே இருக்காது. ஆனாலும் மூடி வராது. உள்ளே மின்காந்தத்தால் நகரும் கொக்கி ஒன்று மூடியைப் பிடித்திருக்கும். இதற்கு 'ஸ்மார்ட் கவர் லாக்' என்று பெயர். கணினி இன்னும் உயிரோடு இருந்தால் போட்டவுடன் எஃப்10 விசையை அழுத்தி அமைப்புப் பக்கத்துக்குப் போய், பாதுகாப்புப் பகுதியில் இதைத் திறக்கச் சொல்லலாம். கணினி செத்துவிட்டால் அந்தக் கொக்கியைப் பிடித்திருக்கும் விசேஷத் திருகாணிகளைக் கழற்றுவதற்கென்றே தயாரிப்பாளர் ஒரு சாவி செய்திருந்தார். பழைய கணினி பழுதுபார்க்கும் கடைகளில் சிலரிடம் அது இருக்கும். இந்த வகையை மட்டும் கட்டாயம் நெம்பாதீர்கள். மூடி வளையும், கொக்கி விடாது.

மடிக்கணினிக்குப் போடும் கேபிள் பூட்டும் சில டவர்களில் மூடியைச் சேர்த்துப் பிடித்திருக்கும். கேபிளை வெட்டினாலும் பூட்டின் தலை துளைக்குள்ளேயே நிற்கும். அதைச் சாவிக்காரரிடம் விட்டுவிடுவது நல்லது.

மிச்சம் இருப்பது வட்டச் சாவி போடும் அசல் பூட்டு. பூட்டின் பின்முனையில் ஓர் இரும்பு நாக்கு இருக்கும். சாவியைத் திருப்பினால் அது சுழன்று போய் மூடியில் உள்ள ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். வீட்டு மேசை இழுப்பறைப் பூட்டும் அஞ்சல் பெட்டிப் பூட்டும் இதே மாதிரிதான் வேலை செய்கின்றன.

இதற்குச் சாவி தேட வேண்டுமானால், அதே காலத்துப் பழைய கணினி வைத்திருக்கும் யாரிடமாவது கேளுங்கள். மலிவுப் பெட்டிகளில் ஒரே மாதிரிச் சாவிதான் பலவற்றுக்கும் சேரும். என்னிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கிறது. அதில் ஏதோ ஒன்று பொருந்தாமல் போவது அபூர்வம். அடுத்தது சாவிக்காரர். வட்டப் பூட்டைத் திறக்கத் தனிக் கருவி உண்டு. கை பழகியவருக்குச் சில நிமிட வேலை. போகும்போது அடையாள அட்டையையும், கணினி உங்களுடையது அல்லது உங்கள் குடும்பத்துடையது என்று காட்ட ஏதாவது ஒன்றையும் கொண்டுபோங்கள். நல்ல சாவிக்காரர் கேட்பார். கேட்கவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். 2004இல் அமெரிக்காவில் இதே வகை வட்டச் சாவி போட்ட சைக்கிள் பூட்டுகளைப் பிளாஸ்டிக் பேனாக் கூட்டை அழுத்தித் திருப்பியே திறந்துவிட்டார்கள் என்று பெரிய களேபரமாகி, கம்பெனி பூட்டுகளை மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. அதைப் படித்துவிட்டு நானும் பேனாவோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சில பூட்டில் வந்தது. சிலவற்றில் பேனாதான் உடைந்து உள்ளே சிக்கியது.

டிரில் போட்டுப் பூட்டைத் துளைப்பது கடைசி வழி. இரும்புத் தூள் ஒரு பிரச்சினை. அதைவிடப் பெரியது அதிர்ச்சி. பூட்டுக்குச் சில அங்குலம் தள்ளித்தான் ஹார்ட் டிஸ்க் இருக்கும். இருபத்தைந்து வருடம் ஆன ஹார்ட் டிஸ்க்குக்கு அந்த ஆட்டம் ஆகாது.

அந்த அம்மாவின் பெட்டி

இது அசல் பூட்டு. பின் திருகாணிகள் ஆறையும் கழற்றிய பிறகும் மூடி முன்பக்கம் மேலே ஓரிடத்தில் பிடித்தே நின்றது. என் டின்னில் இருந்த சாவிகளைப் போட்டுப் பார்த்தேன். ஒன்று உள்ளே போனது, திரும்பவில்லை. உள்ளே துரு.

மூடி வரவில்லை என்றால் முகப்பு வழியாகப் போக வேண்டியதுதான். சிடி டிரைவ் மாட்டுவதற்காக முகப்பில் விட்டிருக்கும் காலி இடங்களைப் பிளாஸ்டிக் மூடிகளால் அடைத்திருப்பார்கள். தட்டையான ஸ்குரூடிரைவரை ஓரத்தில் கொடுத்து மெல்லத் தூக்கினால் அது வந்துவிடும். அதன் பின்னால் மெல்லிய இரும்புத் தகடு ஒன்று இரண்டு இடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை முன்னும் பின்னுமாக நாலைந்து தடவை ஆட்டினால் முறிந்து கையோடு வரும். இப்போது கை நுழையும் அளவுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துப் பெட்டிகளின் தகட்டு ஓரம் பிளேடு மாதிரி. என் வலது கையில் இருக்கும் தழும்புகளில் பாதி இப்படி வந்தவைதான்.

டார்ச் அடித்துப் பார்த்தால் பூட்டின் பின்பக்கம் தெரிந்தது. அதன் முனையில் ஒரு சின்ன நட்டு. அந்த நட்டுதான் இரும்பு நாக்கைப் பூட்டோடு பிடித்திருப்பது. நட்டைத் தளர்த்தினால் நாக்கு கழன்று விழும். பூட்டு பூட்டியபடியே இருந்தாலும் அது பிடிப்பதற்கு ஒன்றும் இருக்காது. சாவியோ, துளைப்பதோ தேவையில்லை.

நட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் அம்மா காரிலிருந்து தெர்மோஸ் எடுத்து வந்து எல்லாருக்கும் தேநீர் ஊற்றினார். பிறகு நீண்ட மூக்குக் கொறடால் பிடித்துத் திருப்பினேன். மகன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை நட்டு அசைந்தது. நாக்கு டங்கென்று பெட்டிக்குள் விழுந்தது. மறக்காமல் அதைக் காந்தம் வைத்து எடுத்துவிட வேண்டும். இரும்புத் துண்டை உள்ளேயே விட்டுவிட்டுக் கணினியைப் போட்டால் மதர்போர்டு தீர்ந்தது.

மூடி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

உள்ளே பல்லி முட்டைகள், எறும்புக் கூடு ஒன்று, விரலளவு தூசு. நம் ஊர் ஈரத்தில் இது சாதாரணம். "போட்டுப் பாக்கலாமா, அண்ணே?" என்று மகன் மின்கம்பியைக் கையில் எடுத்துவிட்டார். அவரைத் தடுத்து நிறுத்தினேன். பூட்டைவிட இந்த இடத்தில்தான் அதிகம் பேர் கோட்டைவிடுகிறார்கள்.

திறந்தவுடன் போட வேண்டாம்

பல வருடம் ஓடாத கணினிக்கு நேராக மின்சாரம் கொடுக்கக் கூடாது. ஈரம் ஏறிய பவர் சப்ளை வெடிக்கலாம். அதன் பின்னால் சிவப்பு நிறத்தில் சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கும், 115, 230 என்று எழுதியிருக்கும். தூக்கி இறக்கியதில் அது 115க்கு மாறியிருந்தால், நம் ஊர் மின்சாரத்தில் போட்ட நொடியே டப் என்ற சத்தமும் புகையும்தான். 386, 486 காலத்து மதர்போர்டுகளில் நீல நிறப் பீப்பாய் மாதிரி ஒரு பேட்டரியை ஒட்டியே வைத்திருப்பார்கள். அது கசிந்து சுற்றியுள்ள செம்புக் கோடுகளைப் பச்சையாக அரித்திருக்கும். பவர் சப்ளைக் கூட்டையும், பழைய குண்டுத் திரையையும் மட்டும் எக்காரணத்துக்கும் திறக்காதீர்கள். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் அவற்றுக்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

அந்தக் கணினியை உயிர்ப்பிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதை அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு வேண்டியது ஐயா எழுதிய கணக்கும் பட்டியலும். அவை இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். உள்ளங்கை அளவு இரும்புப் பெட்டி. நான்கு திருகாணி, பின்னால் ஒரு தட்டைப் பட்டைக் கம்பி, ஒரு மின் இணைப்பு. கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்துவைத்துக்கொண்டு, பெட்டியின் இரும்பை ஒரு கையால் தொட்டுவிட்டு, நேராக இழுத்துக் கழற்றினால் வந்துவிடும்.

பட்டைக் கம்பி அகலமாக, 40 ஊசியோடு இருந்தால் அது ஐ.டி.இ. வகை. 2003க்குப் பிறகு வரத் தொடங்கிய சாட்டா வகையில் கம்பி விரல் அகலம்தான் இருக்கும். இரண்டையும் யு.எஸ்.பி. வழியாக இப்போதைய மடிக்கணினியில் மாட்ட இணைப்பிகள் கிடைக்கின்றன. தனி மின் அடாப்டரோடு வரும் இணைப்பியாகப் பார்த்து வாங்குங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு யு.எஸ்.பி. தரும் மின்சாரம் போதாது. ஐ.டி.இ. டிஸ்க்கின் பின்னால் இருக்கும் சின்னக் கறுப்புத் தொப்பியை 'மாஸ்டர்' இடத்தில் வைக்க வேண்டும். எந்த இடம் என்று டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் தாளிலேயே படம் இருக்கும். சில நூறு மெகாபைட் மட்டுமே உள்ள மிகப் பழைய டிஸ்க்குகளை இந்த இணைப்பிகள் அடையாளம் காணாமல் போகலாம். அவற்றுக்குப் பழைய கணினியே ஒன்று வேண்டும்.

மாட்டியதும் விண்டோஸ் இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்கலாம். 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் வேண்டாம். 'பிழையைத் திருத்தவா?' என்று கேட்டாலும் வேண்டாம். இரண்டையும் மூடிவிட்டு, முதல் வேலையாக எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். திறந்து படித்துப் பார்ப்பதெல்லாம் நகலில்தான். பழைய டிஸ்க் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. டிக், டிக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகும், மேசையில் தட்டினால் ஓடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அது தகவல் மீட்பு நிபுணரிடம் போக வேண்டியது. செலவு கொஞ்சம் கடுமை, ஆனால் ஒவ்வொரு முறை போட்டுப் பார்க்கும்போதும் மீட்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

ஐயாவின் டிஸ்க் 2 கிகாபைட். ஒரு சின்ன முனகலோடு சுழலத் தொடங்கியது. மொத்தத்தையும் நகலெடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அம்மா நாற்காலியை விட்டு எழவே இல்லை.

எழுத்து குழம்பியிருந்தால்

'கோயில்' என்ற பெயரில் ஒரு கோப்புறை கிடைத்தது. முதல் கோப்பைத் திறந்தேன். திரை முழுக்கப் புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். மகன் முகம் வாடிவிட்டது. "கெட்டுப்போச்சா, அண்ணே?"

கெடவில்லை. இது நம்மவர்கள் பலர் அறியாத விஷயம். பழைய தமிழ்க் கோப்புகளை அழித்துவிடும் முன் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். யூனிகோட் பரவலாவதற்கு முன்பு தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு வரிசை. நம் நாட்டில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் பலர் வீட்டிலும் அலுவலகத்திலும் இருந்தது. பிறகு இணையத்தில் கூடிப் பேசித் திஸ்கி என்று ஒரு முறை வந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாப், டாம் என்று இரண்டு வந்தன. எந்த எழுத்துருவில் தட்டினார்களோ அந்த எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் இப்படித்தான் கோலமாகத் தெரியும்.

எழுத்துரு எங்கே கிடைக்கும்? அதே பழைய டிஸ்க்கில். விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். அதையும் சேர்த்து நகலெடுத்து, உள்ளே இருக்கும் தமிழ் எழுத்துருக்களை உங்கள் கணினியில் நிறுவினால் போதும். நான் நிறுவிவிட்டு, கோப்பை மூடித் திறந்தேன். திருவிழாக் கணக்கு தமிழில் வந்து நின்றது. மஞ்சள், கற்பூரம், மேளக்காரர் சம்பளம், பந்தல் வாடகை, காவடிக்கு மூங்கில்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேளத்துக்கு இருநூறு வெள்ளின்னு போட்டிருக்காரு பாருங்க. இருநூத்தி இருவதுதான் கொடுத்தோம். இருவது வெள்ளி இவரு கைக்காசு. எழுதமாட்டாரு."

தெரியும் வரைக்கும் அந்தக் கோப்புகளில் எதையும் திருத்திச் சேமிக்க வேண்டாம். பிறகு, பழைய எழுத்தை யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிவிட்டால் கைப்பேசியிலும் படிக்கலாம். தோட்டத்துக் கிராணிகள் பலர் கணக்கை லோட்டஸ் 1-2-3இல் போட்டு வைத்திருப்பார்கள். இப்போதைய எக்செல் அதைத் திறக்காது. இலவசமாகக் கிடைக்கும் லிபர் ஆபீஸ் திறக்கும்.

எல்லாமே கிடைத்துவிடவில்லை. ஸ்கேன் செய்த கும்பாபிஷேகப் படங்கள் இருந்த கோப்புறையில் பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. டிஸ்க்கின் அந்தப் பகுதி தேய்ந்திருக்கிறது. ஆனால் குடும்பப் பட்டியல் இருந்தது. லயம் வாரியாக, வீட்டு எண்ணோடு, தலைவர் பெயரோடு. நிர்வாகத்துக்கு எழுதிய கடிதங்களும் தேதியோடு இருந்தன. மனுவோடு இணைக்கக் குழுவுக்கு அவை போதும் என்று மகன் சொன்னார். கோப்பு கடைசியாக எப்போது சேமிக்கப்பட்டது என்ற தேதியும் அதிலேயே இருக்கும். நகலெடுக்கும்போது அது மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் அசல் டிஸ்க்கைத் துடைக்காமல், உறையில் போட்டு, பெயர் எழுதிப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். நகல் ஒன்று அம்மாவிடம், ஒன்று கோயில் குழுவிடம், ஒன்று கோலாலம்பூரில் இருக்கும் மூத்த மகளிடம்.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டோரில் கிடக்கும் பழைய கணினியில் அரசாங்கச் சொத்து என்று ஒட்டுச்சீட்டு இருந்தால், பூட்டு எவ்வளவு லேசாக இருந்தாலும் நீங்களாகத் திறக்காதீர்கள். தலைமையாசிரியரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். கழித்துக்கட்டுவதற்கென்று தனிப் பாரங்களும் நடைமுறையும் இருக்கின்றன. அதேபோல, வீட்டுக் கணினியைப் பழைய இரும்பு லோரிக்குக் கொடுக்கும் முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். மிச்சப் பெட்டியையும் குப்பையில் போட வேண்டாம். 2005ஆம் ஆண்டு விதிமுறைப்படி மின்னணுக் கழிவு நம் நாட்டில் அட்டவணையிடப்பட்ட கழிவு. சுற்றுச்சூழல் இலாகா அனுமதித்த சேகரிப்பு மையங்கள் அதை வாங்கிக்கொள்கின்றன.

அந்த அம்மா பெட்டியைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். "அவரு ஒக்காந்த எடத்துலயே இருக்கட்டும்." சரி என்று எறும்புக் கூட்டைத் தட்டி, தூசை ஊதி, மூடியைப் போட்டுத் திருகாணிகளை முடுக்கினேன். வளைந்த மூலையையும் கொஞ்சம் தட்டி நிமிர்த்தினேன். கழன்ற நாக்கையும் நட்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு உள்ளே டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். மூடி இனிச் சாவியில்லாமல் திறக்கும்.